உயிர்காக்கும் தொழிலும் அரசாங்கத்தின் துணையும்

ஒரு தேசத்தின் கைத்தொழில்களுக்கு அரசாங்கம் எவ்வளவு தூரம் துணை நிற்கலாம் என்ற விவாதம் பொருளாதார நிபுணர்களிடையே என்றைக்கும் ஓய்ந்ததில்லை. நெசவாலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் பொருந்துகிற நியாயங்களை அப்படியே எடுத்து மருந்துக்கும் தடுப்பூசிக்கும் பொருத்திப் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால், உயிரியல் விஞ்ஞானத்தை அஸ்திவாரமாகக் கொண்ட தொழில்கள் மற்றத் தொழில்களிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டவை. துணி வாங்குகிறவன் அதைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் அறிந்துகொள்வான். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து வாங்குகிற தாய்க்கு அந்த வசதி இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்த நாளிலிருந்து அதற்கான தடுப்பூசி கிராமத்துக் குழந்தையின் வாயில் சொட்டாக விழும் நாள் வரை இருபது முப்பது ஆண்டுகள் சாதாரணமாகச் சென்றுவிடுகின்றன. முதல் போட்ட எந்த வணிகனும் அத்தனை காலம் பொறுத்திருக்க மாட்டான். ஏழைகளை மட்டும் தாக்குகிற நோய்களுக்கு மருந்து தேடுவதிலே லாபமும் கிடையாது. இந்தக் காரணங்களால், தனியார் முயற்சியே சிறந்தது என்று கருதும் நாடுகளிலுங்கூட இந்தத் துறையின் வேரில் அரசாங்கத்தின் பணம் இருந்தே வருகிறது. ஆகவே, அரசாங்கம் உதவ வேண்டுமா என்பது இன்று கேள்வியே அல்ல. எந்த வடிவில், எவ்வளவு காலம், யாரை நம்பி உதவ வேண்டும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட இந்தியாவின் சரித்திரத்தைப் போல் பயன்படக்கூடிய சரித்திரம் அதிகம் இல்லை. நேரடியாக ஆலை கட்டியும், சட்டம் இயற்றியும், ஆராய்ச்சிக்கு மானியம் தந்தும், மருந்தை மொத்தமாக வாங்கியும், வரிச்சலுகை வழங்கியும், ஒன்றும் செய்யாமல் வாளாவிருந்தும் நம் அரசாங்கம் ஒவ்வொரு முறையையும் ஒவ்வொரு காலத்தில் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. அவற்றின் பலாபலன்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, தொடங்கி வைப்பதில் காட்டிய உற்சாகத்தில் பாதியையேனும் தொடர்ந்து பேணுவதில் நம் அரசாங்கம் காட்டியிருந்தால், இன்றைய குறைகளில் பெரும்பாலானவை நேர்ந்தே இரா என்ற எண்ணம் வலுப்படுகிறது.

இந்தத் துறை நம் நாட்டில் பிறந்தது கொள்ளைநோயின் பயத்தில்தான். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, காலராத் தடுப்பூசியோடு முன்னரே இந்தியா வந்திருந்த வால்டிமார் ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானியைச் சர்க்கார் அங்கே அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கித் தந்த சிற்றறையிலே வேலை செய்து, 1897 ஜனவரியில் தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார் அவர். 1899-இல் பம்பாயில் பிளேக் ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. இன்று அது ஹாஃப்கின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே காலத்தில் சென்னை கிண்டியில், அம்மைப்பால் தயாரிப்பதற்காகக் கிங் நிலையம் எழுந்தது. 1905-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் மத்திய ஆராய்ச்சி நிலையமும், 1907-இல் நீலகிரியின் குன்னூரில் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கான பாஸ்டர் நிலையமும் அமைந்தன. குன்னூர் நிலையத்துக்குப் பணம் வந்த வழி ஒன்றைச் சொல்லலாம்: ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கத் தனவந்தர் வைசிராய் கர்ஸன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் ஒரு பகுதி அங்கே சென்றது. அந்நியர் ஒருவரின் தருமம் அக்காலத்துச் சர்க்காரின் திட்டத்துக்கு முதலாயிற்று.

அந்நிய ஆட்சியின் உள்நோக்கங்களைப் பற்றி எனக்கு மயக்கம் ஏதுமில்லை. பட்டாளத்தையும் வியாபாரத்தையும் காப்பாற்றுவதே அவர்களுடைய பிரதான கவலை. ஆயினும், அவர்கள் வகுத்த ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஆராய்ச்சியும் உற்பத்தியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தவரே மறுநாள் ஊசிமருந்துக் குப்பிகளின் தரத்துக்கும் பொறுப்பாளியாக இருந்தார். 1911-இல் தோன்றிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் இந்த வேலைகளுக்கெல்லாம் பொருளுதவி செய்தது; அதுவே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆயிற்று. சர்க்காரின் தயவை எதிர்பாராமல் எழுந்த முயற்சியும் உண்டு. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் கல்கத்தாவில் வாடகை வீடொன்றில் தொடங்கிய மருந்துத் தொழில், 1901-இல் வங்காள ரசாயன மருந்துக் கம்பெனியாக உருப்பெற்றது. சுதேசி உணர்ச்சியும், கல்லூரி ஆசிரியர் ஒருவரின் சிக்கனமுமே அதற்கு மூலதனம்.

சுதந்திரம் வந்தபோது, நாட்டுக்கு வேண்டிய நவீன மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கே விற்பனை செய்த அயல்நாட்டுக் கம்பெனிகள், மூலப்பொருளை வெளியிலிருந்து தருவித்து இங்கே மாத்திரையாக அச்சிட்டுக் குப்பியில் அடைத்ததோடு நின்றன. இந்த நிலையை மாற்ற நேருவின் அரசாங்கம் இரு வழிகளில் முனைந்தது. 1951-இல் லக்னோவின் பழைய அரண்மனையான சத்தர் மன்சிலில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, 1954-இல் புனே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் நிர்மாணிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. 1961-இல் சோவியத் ஒத்துழைப்புடன் ஐ.டி.பி.எல். என்னும் இந்திய மருந்து நிறுவனம் தோன்றி, ரிஷிகேசத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும், ஹைதராபாத்தில் ரசாயன மருந்துகளுக்கும், சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்கும் ஆலைகள் நிறுவியது.

இந்த ஆலைகளின் முடிவு சோகமானது என்பதை மறைப்பதற்கில்லை. ரிஷிகேசத்துக்கு வந்த யந்திர நுட்பம் வந்த நாளிலேயே பழையதாக இருந்தது. அடக்க விலைக்கும் குறைவாக விற்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியது. புதிய நுட்பத்துக்கு முதலீடு கேட்டபோதெல்லாம் கோப்புகள் மட்டுமே நகர்ந்தன. 1990-களில் அது நலிந்த தொழில்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால், லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்து ஐ.டி.பி.எல்.லைத் தோல்வி என்று எழுதிவைப்பது, நாற்றங்கால் விளையவில்லை என்று வருந்துவதற்குச் சமம். ஹைதராபாத் ஆலையில் வேலை கற்ற ரசாயன நிபுணர்களும் பொறியாளர்களும் வெளியே வந்து தனித்தனியே தொழில் தொடங்கினார்கள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மருந்து நிறுவனத்தை நிறுவிய அஞ்சி ரெட்டியும் அங்கே பணிபுரிந்தவரே. ஹைதராபாத் நகரம் இன்று மருந்துத் தொழிலின் தலைநகராகத் திகழ்வதற்கு, நஷ்டக் கணக்கில் மூடப்பட்ட அந்த அரசாங்க ஆலையும் ஒரு முக்கிய காரணம்.

ஆலைகளைக் காட்டிலும் அதிகப் பலன் தந்தது ஒரு சட்டம். அதற்காகக் கஜானாவிலிருந்து பெருந்தொகை எதுவும் செலவாகவில்லை. அந்நியர் காலத்து 1911-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, மருந்தின் மீதே உரிமை பெற்றவர் பதினாறு ஆண்டுகள் அதைத் தம் இஷ்டப்படி விற்கலாம், வேறெவரும் தொடக்கூடாது. விளைவு என்னவென்றால், ஏழை இந்தியாவில் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமான விலைகளுள் ஒன்றாக இருந்ததென்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே எடுத்துக்காட்டும்படி ஆயிற்று. காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராயும் பொறுப்பைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் 1957-இல் அரசாங்கம் ஒப்படைத்தது. 1959-இல் அவர் சமர்ப்பித்த அறிக்கை நிதானமும் ஆழமும் மிக்கது. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டாருக்கே சொந்தம் என்பதையும், அவற்றில் மிகச் சிலவே இங்கே உற்பத்திக்குப் பயன்பட்டன என்பதையும் அவர் தெளிவாக எடுத்துரைத்தார். உணவும் மருந்தும் போன்றவற்றில் பொருளுக்கு உரிமை தராமல், அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் உரிமை தரலாம் என்பது அவருடைய பரிந்துரையின் சாரம்.

அந்தப் பரிந்துரை சட்டமாவதற்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. 1970-இல் நிறைவேறி 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துத் தயாரிப்பு முறைக்கான உரிமைக் காலத்தை விண்ணப்பித்த நாளிலிருந்து ஏழாண்டு அல்லது உரிமை வழங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டு, இவற்றில் எது குறைவோ அது என்று சுருக்கியது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்கத் தெரிந்தவர்களுக்குக் கதவு திறந்தது. அந்த வேறு வழியைக் கண்டுபிடிப்பதற்கு, புனேயின் தேசிய ரசாயன ஆய்வுக்கூடம், ஹைதராபாத்தின் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையம் போன்ற அரசாங்க ஆய்வுக்கூடங்கள் தனியார் கம்பெனிகளுக்குத் தோள்கொடுத்தன. எய்ட்ஸ் நோய்க்கான ஜிடோவுடின் மருந்தைத் தயாரிக்கும் முறையை ஹைதராபாத் நிலையம் வகுத்துக் கொடுக்க, 1990-களின் தொடக்கத்தில் சிப்லா நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. அதே நிறுவனம் 2001-இல் மூன்று மருந்துகள் சேர்ந்த எய்ட்ஸ் சிகிச்சையை, எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்புக்கு ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது, மேலைநாட்டுக் கம்பெனிகள் அதே சிகிச்சைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் உயிர் பிழைத்ததற்குச் சென்னை நீதிபதி ஒருவரின் அறிக்கையும் காரணமாயிற்று என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு, 2005 முதல் நாமும் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரவேண்டியதாயிற்று. அப்போதும் பாராளுமன்றம் முன்யோசனையுடன் ஒரு வேலி போட்டது: பழைய மருந்தின் உருவத்தைச் சற்றே மாற்றிவிட்டு, நோய் தீர்க்கும் சக்தியில் உயர்வு ஒன்றும் காட்டாமல், புது உரிமை கேட்பதைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின் ‘டி’ உட்பிரிவு தடுத்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் கம்பெனி செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. அந்த உட்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் விண்ணப்பத்தை மறுத்தது. சட்டத்தின் துணை எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, நவீன உயிரியல் தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பலாம். 1982-இல் தேசிய வாரியம் ஒன்றை அமைத்த மத்திய அரசாங்கம், 1986-இல் உயிரித் தொழில்நுட்பத்துக்கென்றே தனித் துறை கண்டது. அந்த நாளில் இப்படித் தனித் துறை கண்ட நாடுகள் மிகச் சிலவே. அந்தத் துறையின் வேலைகளிலே ரோட்டா வைரஸ் தடுப்பூசியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1980-களின் நடுவில், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், பச்சைக் குழந்தைகள் சிலருக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தும் வயிற்றுப்போக்கு வரவில்லை என்பதை மகராஜ் கிஷன் பான் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். தீங்கு செய்யாமல் எதிர்ப்புச் சக்தியை மட்டும் தந்துவிட்டுப் போகிற அந்த வைரஸையே தடுப்பூசியாக்கினால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. 116இ என்று பெயரிடப்பட்ட அந்த வைரஸ், அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பல கைகள் மாறியது. உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையமும் கேட்ஸ் அறக்கட்டளையும் பாத் என்னும் அமைப்பும் பங்குகொண்டன. திருத்தணிப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் பிறந்த கிருஷ்ணா எல்லா ஹைதராபாத்தில் நிறுவியிருந்த பாரத் பயோடெக் உற்பத்திப் பொறுப்பை ஏற்றது. ஒரு தடவைக்கான மருந்தை ஒரு டாலருக்கு மேற்படாத விலையில் அரசாங்கத்துக்குத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசிக் கட்டப் பரிசோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது.

பரிசோதனை என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் உழைப்பை வெளியிலிருப்பவர்கள் அறிவதில்லை. வேலூரின் சந்துகளில் களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால் மலத்தின் மாதிரியை எடுத்து, வெயில் படாமல், குளிர் குறையாமல் ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். வேலை தேடி ஊர் மாறிய குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி இரண்டு ஆண்டுக் காலம் ஒரு குழந்தையைப் பின்தொடர்ந்த பிறகுதான் ஏட்டில் ஒரு வரி எழுத முடியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாகக் குடியிருப்புகளோடு ஏற்படுத்தி வைத்திருந்த நம்பிக்கை இல்லாமல் இது சாத்தியமாயிராது. 2013-இல் வெளியான முடிவின்படி, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 சதவிகித அளவுக்கு இந்தத் தடுப்பூசி தடுத்தது. அது முழுப் பாதுகாப்பு ஆகாது; ஆனாலும் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நாட்டுக்கு அது பெரும் பேறு. 2015 மார்ச்சில் வெளியிடப்பட்ட ரோட்டாவாக், 2016-இல் நான்கு மாநிலங்களின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்து, பிறகு நாடெங்கும் பரவியது.

முப்பது ஆண்டுகளில் எத்தனை பிரதமர்கள், எத்தனை மந்திரிகள், எத்தனை செயலாளர்கள் மாறியிருப்பார்கள்! ஆயினும் இந்த ஒரு முயற்சிக்கான நிதி அறுபடவில்லை. 116இ-யைக் கண்டெடுத்த குழுவின் தலைவரான பான் அவர்களே 2004 முதல் 2012 வரை துறையின் செயலாளராக இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது. சிறு நிறுவனங்களுக்குத் துணையாக பைராக் என்ற அமைப்பை 2012-இல் உருவாக்கியவரும் அவரே. இந்த நல்லூழ் எல்லா முயற்சிகளுக்கும் வாய்ப்பதில்லை. செயலாளர் மாறியதும் திட்டத்தின் பெயர் மாறுவதும், பெயர் மாறியதும் பழைய கோப்பு பரணுக்குப் போவதும் நம் வழக்கம்.

அரசாங்கம் பணம் கொடுத்து ஆராய்ச்சியை வளர்ப்பது ஒரு வகை. மருந்தை ஒழுங்காக வாங்குவதன் மூலம் தொழிலை வளர்ப்பது மற்றொரு வகை. இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் அதற்கு நம் தமிழ்நாடே முன்மாதிரி. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளையெல்லாம் திறந்த டெண்டர் முறையில் மூலப் பெயரிலேயே மொத்தமாக வாங்குகிறது. மாத்திரை அட்டையின் ஒவ்வொரு வரிசையிலும் ‘தமிழ்நாடு அரசு – விற்பனைக்கு அல்ல’ என்ற எழுத்து அச்சாகியிருப்பதை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கிய எவரும் பார்த்திருப்பார்கள். மாவட்டக் கிடங்குக்கு வரும் சரக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதில்லை. அதன் மாதிரிகளை எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, ரகசியக் குறியீடு இட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தரம் சரியென்று அறிக்கை வந்த பிறகே அந்தத் தொகுதி வெளியேறும். தரம் தவறிய கம்பெனி கறுப்புப் பட்டியலில் சேரும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் தன் ஒதுக்கீட்டைக் காட்டும் பாஸ் புத்தகம் உண்டு. அந்த வரம்புக்குள் தனக்கு வேண்டிய மருந்தைத் தானே தீர்மானித்து எடுத்துக்கொள்ளலாம். இதனால் மருந்தின் விலை வெகுவாகக் குறைந்தது என்பது பலரும் அறிந்தது. நேர்மையாகத் தயாரிக்கும் சிறு கம்பெனிக்கு, விளம்பரமும் விற்பனைப் பிரதிநிதியும் இல்லாமலே நிச்சயமான சந்தை கிடைத்தது என்பதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. மற்ற மாநிலங்கள் பலவும் இந்த முறையைப் பின்பற்றின.

இந்த நல்ல முன்மாதிரிக்குச் சொந்தமான அதே மாநிலத்திலும் 2008-இல் மனத்தை வருத்தும் காட்சி அரங்கேறியது. அந்த ஆண்டு ஜனவரியில், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூர் பாஸ்டர் நிலையம், 1948 முதல் இயங்கிவந்த கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் ஆகிய மூன்று மத்திய அரசாங்க நிலையங்களின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசாங்கமே நிறுத்திவைத்தது. நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்கு வேண்டிய முத்தடுப்பு, காசநோய்த் தடுப்பு முதலிய ஊசிமருந்துகளில் பெரும்பங்கை இவையே நெடுங்காலம் தயாரித்து வந்தன. நல்லுற்பத்தி நெறிகளுக்கு இவற்றின் கட்டடங்களும் யந்திரங்களும் உகந்தவையல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் பொய்யல்ல. காற்றை வடிகட்டும் வசதியும், தனித்தனி அறைகளும், வழுவழுப்பான சுவர்களும் இன்றைய தரத்துக்கு அவசியமே. ஆனால், பரிசோதகராக வந்து குறை கண்டு பூட்டிய அரசாங்கந்தான், உடைமையாளராக இருந்து பல ஆண்டுகள் பழுது பார்க்காமல் விட்ட அரசாங்கமும். பூட்டிய பிறகு தனியாரிடம் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தது. தட்டுப்பாடு பற்றிய புகார்கள் எழுந்தன. பாராளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. முன்னாள் சுகாதாரச் செயலாளர் ஜாவித் சௌத்ரி தலைமையில் குழு ஒன்று அமைந்து விசாரித்தது. 2010-இல் தடை நீங்கிற்று. ஆயினும், இடையில் சிதறிய அனுபவசாலிகளும் நின்றுபோன உற்பத்தியும் ஓர் உத்தரவினால் திரும்பி வந்துவிடுவார்களா?

இந்தக் குறையைப் போக்குவதாகச் சொல்லி, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 100 ஏக்கர் நிலத்தில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அமைக்க 2012-இல் மத்திய அரசாங்கம் அனுமதி அளித்தது. முதல் மதிப்பீடு 594 கோடி ரூபாய். பின்னர் அது 900 கோடியைத் தாண்டியது. கட்டடங்கள் எழுந்தன, யந்திரங்கள் வந்தன. உற்பத்தி மட்டும் தொடங்கவில்லை. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் நாடு முழுவதும் தடுப்பூசிக்காக வரிசையில் நின்றபோது, இந்த வளாகம் சும்மா கிடந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் அதைப் பார்வையிட்ட தமிழ்நாட்டு முதலமைச்சர், மாநில அரசிடம் குத்தகைக்குத் தரும்படி மத்திய அரசைக் கேட்டார். அதே பெருந்தொற்றின் போது, புனேயின் தேசிய வைராலஜி நிலையம் பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டு கோவாக்சின் தடுப்பூசி தயாராயிற்று என்பதையும், விற்பனையில் 5 சதவிகிதம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு உரியது என்று உடன்படிக்கை இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பேணி வைத்த நிலையம் ஆபத்துக் காலத்தில் கைகொடுத்தது.

கண்காணிப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆராய்ச்சி பூர்த்தியாகாது. தொழிலுக்குச் சலுகை தருவது அன்பு என்றும், அதைச் சோதனையிடுவது பகை என்றும் ஒரு கருத்து வணிக உலகில் ஊறியிருக்கிறது. இதைப்போல் கேடு விளைவிக்கும் கருத்து வேறில்லை. நாட்டில் 10,000-க்கு மேற்பட்ட மருந்து உற்பத்திக்கூடங்கள் இருக்கின்றன; 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உற்பத்தி உரிமம் தரும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களின் கையில். 2022-இல் காம்பியா நாட்டில் 60-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகள் குறித்து உலகச் சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்கள் குடித்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைச் சோதித்த தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம், டைஎத்திலீன் கிளைகால் என்னும் விஷம் அதில் 48 சதவிகிதத்துக்கு மேல் கலந்திருந்ததாகக் கண்டது. மருந்தைக் கரைக்க உதவும் புரோப்பிலீன் கிளைகாலை வாங்கும்போது, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்த பிறகே உபயோகிக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். விதி ஏட்டில் இருந்தது, ஏட்டைப் புரட்டிப் பார்க்கப் போதிய ஆய்வாளர்கள் இல்லை, இருந்தவர்களும் போகவில்லை. உலகச் சந்தையில் ஐம்பது ஆண்டுகளில் சேர்த்த நற்பெயரை இத்தகைய சம்பவங்கள் சில வாரங்களில் அழித்துவிடும்; அழிந்த உயிர்களுக்கோ ஈடே கிடையாது. மருந்து ஆய்வாளர் பதவிகளை நிரப்புவதும், சோதனைச் சாலைகளுக்குக் கருவி வாங்குவதும், எந்த மானியத்துக்கும் குறையாத தொழில் உதவி என்றே நான் மதிக்கிறேன்.

பணத்தின் அளவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் 2020-21-இல் நாம் செலவிட்டது 0.64 சதவிகிதம், அதிலும் தனியாரின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டியது. கம்பெனிகளின் ஆராய்ச்சிச் செலவில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாயாக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 2010 முதல் இருந்த வரிச்சலுகை, 2017-இல் ஒன்றரை ரூபாயாகவும் 2020-இல் ஒரு ரூபாயாகவும் குறைக்கப்பட்டது. பிறகு 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது; ஐந்தாண்டுகளில் அது செலவிடத் திட்டமிட்ட 50,000 கோடியில் 36,000 கோடி அரசாங்கத்துக்கு வெளியிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தார்கள். 2025-இல் ஒரு லட்சம் கோடி ரூபாயில் தனியார் ஆராய்ச்சிக்கு நீண்ட காலக் குறைந்த வட்டிக் கடன் திட்டமும் அறிவிக்கப்பட்டது. கடன் கொடுத்து வளர்க்கத்தக்கது பாதி வழி வந்துவிட்ட கண்டுபிடிப்பே. பச்சைக் குழந்தையின் மலத்தில் வைரஸைத் தேடுகிற மருத்துவருக்குக் கடன் கொடுத்து என்ன பயன்? அவருக்கு வேண்டியது மானியம், அதுவும் காலம் தவறாத மானியம். மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் ஆய்வு மாணவர்கள் வீட்டு வாடகைக்குத் திண்டாடுகிற நிலை மாறாதவரை, மேலே சொன்ன பெருந்தொகைகள் அடிமட்டத்தில் ஈரம் காட்டா.

கடைசியாகப் பெனிசிலின். பிம்ப்ரியிலும் ரிஷிகேசத்திலும் ஒரு காலத்தில் நாமே தயாரித்த அந்த மருந்து, சீனத்திலிருந்து மலிந்த விலையில் வந்து குவிந்ததும், இந்நாட்டு ஆலைகளை ஒவ்வொன்றாக மூடச் செய்தது. பூஞ்சையைப் பிரம்மாண்டமான கலங்களில் நாள்கணக்கில் நொதிக்க வைத்துப் பிரித்தெடுக்கிற தொழில் அது. சர்க்கரையும் மின்சாரமும் நீராவியும் மலிவாகவும் தடையில்லாமலும் கிடைத்தாலன்றி அதில் நிலைக்க முடியாது. அமாக்சிசிலின் முதலிய அன்றாட மருந்துகளுக்கு அதுவே தாய்ச்சரக்கு. எல்லையில் பதற்றமும் தொற்றின் பீதியும் ஒருங்கே வந்த 2020-இல், மூல மருந்துகளுக்கு 6,940 கோடி ரூபாயில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. அதன் பயனாக ஆந்திரத்தின் காக்கிநாடாவில் 2024-இல் புதிய பெனிசிலின்-ஜி ஆலை இயங்கத் தொடங்கியது. நொதித்தல் முறைச் சரக்குகளுக்கு விற்பனையில் முதல் நான்கு ஆண்டுகள் 20 சதவிகிதம் ஊக்கத்தொகை. 2027-28-இல் அது 15 சதவிகிதமாகவும், 2028-29-இல் 5 சதவிகிதமாகவும் குறைந்து, அத்தோடு நின்றுவிடும். சீன ஆலைகள் அந்த நாளுக்காகக் காத்திருந்து விலையை இறக்கினால், பிம்ப்ரியின் கதியே காக்கிநாடாவுக்கும் வரலாம். அதற்குள் செய்யக்கூடிய காரியம் ஒன்று நம் கைவசம் இருக்கிறது: தமிழ்நாட்டு மருத்துவப் பணிகள் கழகத்தைப் போன்ற மாநிலக் கொள்முதல் கழகங்களும், ரயில்வே, ராணுவ ஆஸ்பத்திரிகளும் ஒன்றுகூடி, உள்நாட்டுப் பெனிசிலினிலிருந்து தயாரித்த அமாக்சிசிலினை இத்தனை ஆண்டுக்கு, இன்ன விலைக்கு, இன்ன தரத்தில் வாங்குவோம் என்று இப்போதே பத்தாண்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். சற்று அதிக விலை கொடுக்க நேரிடும் மாநிலங்களுக்கு அந்த வித்தியாசத்தை மத்திய அரசாங்கம் ஈடுசெய்தால், ஊக்கத்தொகை நிற்கிற ஆண்டிலும் அந்த ஆலையின் கலங்கள் காலியாகா.